சங்கத்தில் சேர்க்க மறுத்தால் உதவும் இலவச ஆலோசனைச் சேவை: பயன்படுத்தியவளின் மதிப்புரை

யூனியன் கார்டு கேட்டு அலைக்கழிக்கப்பட்டவர்கள், தொழில்முறைச் சங்கத்துக்கு அனுப்பிய விண்ணப்பம் காரணமே சொல்லாமல் திரும்பி வந்தவர்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஓட்டுரிமை இல்லாத பிரிவில் தள்ளப்பட்டவர்கள், இவர்களுக்கென்றே இயங்கும் ஓர் இலவச ஆலோசனைச் சேவையை நான் பயன்படுத்தினேன். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று நடந்திருந்தால் யோசித்துக்கொண்டிருக்காமல் இந்த மாதிரி ஓர் இடத்துக்குப் போங்கள், அதுவும் சீக்கிரம் போங்கள்.

சேவையின் பெயரையும் சங்கத்தின் பெயரையும் எழுத முடியாது. கடைசியில் நாங்கள் போட்ட சமரச ஒப்பந்தத்தில் யார் பெயரையும் வெளியிடக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். பெயர் இல்லாத மதிப்புரையால் என்ன பயன் என்று கேட்கலாம். இதே வேலையைச் செய்யும் இடங்கள் பல நாடுகளில் உண்டு. சில இடங்களில் மனித உரிமை ஆணையத்தை ஒட்டி உதவி மையம் இருக்கும், சில இடங்களில் சட்டக் கல்லூரி மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் நடத்துவார்கள், சில இடங்களில் தொழிலாளர் அமைப்புகளே ஹெல்ப்லைன் வைத்திருக்கும். எனக்குக் கிடைத்த சேவை எதைச் சரியாகச் செய்தது, எங்கே கைவிட்டது என்று தெரிந்தால் நீங்கள் போகும் இடத்தை எடைபோட உதவும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் லைட்டிங் வேலை செய்பவள். மேடை நிகழ்ச்சிகள், படப்பிடிப்பு இரண்டுமே. இந்தத் தொழிலில் கார்டு என்பது பர்ஸில் வைத்துக்கொள்ளும் அடையாள அட்டை மட்டும் இல்லை. வேலைக்கு யாரை அனுப்புவது என்ற பட்டியல் சங்கத்தின் கையில் இருக்கிறது. கம்பத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டால் நிவாரண நிதி கார்டு உள்ளவருக்குத்தான். சம்பளத்தைப் பாக்கி வைத்தால் போய்க் கேட்க சங்கம் வரும், அதுவும் கார்டு இருந்தால். வெளியே இருப்பவர்கள் பலர் இதை ஏதோ கிளப்பில் இடம் கிடைக்காத மாதிரி நினைக்கிறார்கள், "சேர்க்காவிட்டால் போகிறது, நீ பாட்டுக்கு வேலையைப் பார்" என்கிறார்கள். சேர்க்காவிட்டால் வேலையே இல்லை என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

எனக்குச் சங்கம் கதவைச் சாத்தவில்லை, அதுதான் இதில் சிக்கலான விஷயம். "இணை உறுப்பினர்" என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். முழு உறுப்பினர் அட்டை நீலம், என்னுடையது மஞ்சள். சந்தா இரண்டுக்கும் ஒன்றே. பின்பக்கம் பொடி எழுத்தில் "வாக்குரிமை இல்லை, முன்னுரிமைப் பட்டியலில் இடம் இல்லை" என்று அச்சடித்திருந்தது. வேலை நடக்கும் இடத்தில் காலையில் எல்லோருடைய அட்டையையும் வாங்கி மேசையில் அடுக்குவார்கள், நீலம் ஒரு கட்டு, மஞ்சள் தனியாக. மஞ்சள் கட்டில் இருந்தவை எல்லாம் பெண்களுடையவை. ஆட்கள் போதும் என்றால் முதலில் திருப்பி அனுப்பப்படுவது அந்தக் கட்டுதான். செயலாளரிடம் கேட்டதற்கு, "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், நைட் வேலை, வெயிட் தூக்கணும், உனக்கு எதுக்கு இதெல்லாம், இந்தக் கார்டே போதும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னார். என்னோடு பயிற்சி முடித்து, எனக்குப் பிறகு வேலைக்கு வந்த பையன்கள் நீல அட்டையோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் அந்தச் சேவையை அழைத்தேன். முதல் அழைப்பிலேயே எனக்குப் பிடித்துப்போன விஷயம், எடுத்த ஆலோசகர் அம்மா என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் இவர் என்ன சொன்னார் என்று தோண்டவில்லை. "அவங்க வாயால சொன்னது அப்புறம் பார்ப்போம், சங்கத்தோட பைலா, அதாவது துணைவிதிகள், உங்க கையில இருக்கா?" என்றார். இல்லை. எங்கள் சங்கத்தில் யாரிடமும் இல்லை, ஆபீஸ் பீரோவில் ஒரு பிரதி இருக்கிறது என்று கேள்விப்பட்டதோடு சரி. பதிவு செய்யப்பட்ட சங்கம் என்றால் விதிகளைப் பதிவாளரிடம் கொடுத்திருக்க வேண்டும், அங்கே நகல் கேட்கலாம் என்று சொல்லி, கேட்கும் கடிதத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். நகல் வந்தது. இந்த ஒரு காரியத்துக்காகவே சேவைக்கு நான் முதல் நட்சத்திரம் கொடுத்துவிட்டேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்து வேறு யாரும், வக்கீல் ஒருவர் உட்பட, அதைக் கேட்கவே இல்லை.

பைலாவை அவர் என்னோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். படித்தபோது ஆச்சரியமாக இருந்தது, பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. "தொழிலில் பயிற்சியும் அனுபவமும் உள்ள எவரும்" முழு உறுப்பினர் ஆகலாம் என்றுதான் இருந்தது. அதற்கு அடியில் இரண்டு வரிகள். விண்ணப்பத்தை நீண்ட காலம் முழு உறுப்பினராக உள்ள இருவர் முன்மொழிய வேண்டும் என்று ஒன்று. "வேலையின் தன்மை கருதி" எந்த விண்ணப்பதாரரையும் எந்தப் பிரிவிலும் வைக்கச் செயற்குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று இன்னொன்று. "உங்களை வெளியே நிறுத்துறது இந்த ரெண்டு வரிதான்" என்றார். முழு உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள், பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். அவர்கள் யாரை முன்மொழிவார்கள்? தம்பியை, மருமகனை, கூடப் படித்தவனை. யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, விதியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நடந்த கதை இல்லை என்று காட்ட அவர் ஒரு தீர்ப்புக் குறிப்பைத் தயாரித்துக் கொடுத்தார், வெவ்வேறு நாட்டு நீதிமன்றங்கள் சொன்னவற்றின் சுருக்கம். அந்தக் குறிப்புதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி. அதில் முதலாவது, அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் 53ஆம் எண் கிளைச் சங்கத்தின் வழக்கு, 1969. அங்கே புது உறுப்பினராக வேண்டும் என்றால் பழைய உறுப்பினரின் மகனாகவோ நெருங்கிய உறவாகவோ இருக்க வேண்டும், உறுப்பினர்களின் பரிந்துரை வேண்டும், ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். விதியில் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பழைய உறுப்பினர்கள் எல்லோரும் வெள்ளையர் என்னும்போது அவர்களின் மகன்களும் வெள்ளையர்தானே. கறுப்பினத்தவரும் மெக்சிகோ வம்சாவளியினரும் உள்ளே வரவே முடியாதபடி இந்த விதி செய்கிறது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. படித்து முடித்ததும் எங்கள் பைலாவின் "இருவர் முன்மொழிய வேண்டும்" என்ற வரியைத் திரும்பப் போய்ப் பார்த்தேன்.

இரண்டாவது நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டியது, ஆனால் தெரியாது. சாரு குரானா வழக்கு, இந்திய உச்ச நீதிமன்றம், 2014 நவம்பர். மும்பைத் திரைத்துறையில் ஒப்பனைக் கலைஞர்கள், சிகை அலங்காரக் கலைஞர்களின் சங்கம் ஒன்று, மேக்கப் கார்டை ஆண்களுக்கு மட்டுமே கொடுத்து வந்தது. பெண்கள் தலைமுடி அலங்காரத்தோடு நின்றுவிட வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் நடந்து வந்தது, நட்சத்திரங்களின் முகத்தில் மேக்கப் போட்ட பெண்கள் யாராவது செட்டுக்குச் சோதனைக்கு வந்தால் ஒளிந்துகொள்ள வேண்டிய நிலைகூட இருந்தது. நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அதோடு மகாராஷ்டிராவில் ஐந்து ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும் என்று இருந்த நிபந்தனையும் போனது. தீர்ப்பில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: எங்கள் சங்கம், எங்கள் விதி என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பதினைந்து வயது நிரம்பிய எவரும் பதிவு பெற்ற சங்கத்தில் உறுப்பினராகலாம் என்கிறது. சட்டம் ஆண் பெண் என்று பிரிக்காதபோது துணைவிதி மட்டும் எப்படிப் பிரிக்கும்?

என் மஞ்சள் அட்டைக்கு நேராகப் பொருந்தியது மூன்றாவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிஃபோர்னியாவில் மரின்ஷிப் என்ற கப்பல் கட்டும் தளம். பாய்லர் தொழிலாளர் சங்கத்தில் இல்லாதவர்களுக்கு அங்கே வேலை கிடையாது. கறுப்பினத் தொழிலாளர்களை அந்தச் சங்கம் சேர்க்காமல் இல்லை, தனியாக ஒரு துணைக் கிளையில் சேர்த்தது. சந்தா உண்டு, முழு உறுப்பினருக்குள்ள உரிமைகள் கிடையாது. ஜோசப் ஜேம்ஸ் என்ற தொழிலாளி வழக்குப் போட்டார். வேலையை முழுக்கத் தன் கையில் வைத்துக்கொண்டு அதே நேரத்தில் உறுப்பினர் கதவையும் ஒரு சாராருக்குச் சாத்தி வைக்க ஒரு சங்கத்தால் முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1944இல் சொல்லிவிட்டது. துணைக் கிளை என்ற ஏற்பாடும் முழு உறுப்பினர் உரிமைக்கு ஈடாகாது. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது, மறைக்க விரும்பவில்லை. சந்தாவை வாங்கிக்கொண்டு தனிக் கட்டில் அடுக்கும் அதே வேலையை அத்தனை காலத்துக்கு முன்பே ஒருவர் எதிர்த்து ஜெயித்திருக்கிறார், எங்களிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

சரி, சேவைக்கு வருகிறேன். ஆலோசகர் சொன்னதில் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒன்று, பட்டியல் போடுவது. என்னோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் விண்ணப்பித்தவர்கள் யார், என்ன பயிற்சி, எவ்வளவு அனுபவம், என்ன அட்டை கிடைத்தது என்று ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதச் சொன்னார். செயலாளர் பேசியதை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தால் "நான் அப்படிச் சொல்லவில்லை, நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று அதோடு முடித்திருப்பார்கள். கட்டத்தைப் பார்த்தால் அப்படி முடிக்க முடியாது. குறைந்த அனுபவம், நீலம். கூடுதல் அனுபவம், மஞ்சள். அடுத்து, விண்ணப்பத்தை ஏன் இந்தப் பிரிவில் வைத்தீர்கள் என்று எழுத்தில் காரணம் கேட்கச் சொன்னார், போனில் கேட்க வேண்டாம் என்றார். பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம்.

காலக்கெடு விஷயத்தில் அவர் ரொம்பக் கறாராக இருந்தார், அது நல்லதுதான். சங்கத்துக்குள் மேல்முறையீடு செய்து, பொதுக்குழு கூடட்டும், தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்தே நிறையப் பேர் வாய்ப்பை இழக்கிறார்களாம். அமெரிக்காவில் வேலை விஷயத்தில் நடக்கும் பாகுபாட்டை விசாரிக்கும் கூட்டாட்சி ஆணையத்தில் புகார் கொடுக்க 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். கனடாவின் ஒன்டாரியோவில் ஓராண்டு. உள்ளுக்குள் முறையிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதால் கடிகாரம் நிற்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976லேயே சொல்லியிருக்கிறது. எல்லா நாட்டிலும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் எங்கே இருந்தாலும் முதல் நாளே "எனக்கு எப்போது வரை நேரம்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லாத ஆலோசனை மையத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

சங்கத்துக்கு அனுப்பும் கடிதத்தில் ஒரு சின்ன இழுபறி நடந்தது. முதல் வரைவை வேறு ஓர் இளம் ஆலோசகர் எழுதியிருந்தார், முழுக்க மிரட்டல். பிரிவு இது, தண்டனை இது, பதிவு ரத்தாகும் என்று. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் சங்கத்தை மூட வரவில்லை, சங்கத்தில் இருக்க வந்தேன். சம்பளப் பாக்கிக்காக அந்தச் சங்கம் கம்பெனி வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன், இரவு வேலைக்கு வண்டி வசதி வாங்கிக் கொடுத்தது அதுதான். யூனியனோடு தகராறு என்றால் உடனே "யூனியனே வேண்டாம்" என்று பேச ஒரு கூட்டம் வந்துவிடுகிறது, அவர்களோடு எனக்கு ஒட்டுறவே இல்லை. இதை ஆலோசகர் அம்மாவிடம் சொன்னதும் புரிந்துகொண்டார், கடிதத்தை மாற்றி எழுதினார். அமெரிக்க ரயில்களில் படுக்கை வசதிப் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள், ரயில்வே சங்கங்கள் தங்களை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தங்களுக்கென்று சங்கம் கட்டி 1937இல் அந்தப் பெட்டிகளை நடத்திய புல்மன் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டதை அவர்தான் சொன்னார். ஒதுக்கப்பட்டவர்களும் கடைசியில் தேடிப்போனது ஒரு சங்கத்தைத்தான், அவ்வளவு தேவையான விஷயம் அது.

புதுக் கடிதத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் எண் உடன்படிக்கையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. 1948இல் வந்தது. எந்தப் பாகுபாடும் இல்லாமல், முன் அனுமதி கேட்காமல், தாங்கள் விரும்பும் அமைப்பில் சேரத் தொழிலாளர்களுக்கு உரிமை உண்டு என்கிறது, அதே வாக்கியத்தில் அந்த அமைப்பின் விதிகளுக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது. செயலாளர் பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது பாதியைத்தான். "பாருங்க, விதிக்கு உட்பட்டுன்னு அவங்களே போட்டிருக்காங்க." ஆலோசகர் எதிர்பார்த்தே இருந்தார் போல. விதி போட்டுக்கொள்ளலாம், தொழில் தெரிய வேண்டும், சந்தா கட்ட வேண்டும், ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம். முதல் பாதியை அடித்துப்போடுகிற விதியை மட்டும் போட முடியாது என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எல்லா மறுப்பும் பாகுபாடு ஆகாது. நான் காத்திருந்த நேரத்தில் இன்னொருவர் வந்திருந்தார், தேவையான பயிற்சியை முடிக்காமலே கார்டு கேட்டு மறுக்கப்பட்டவர், மத்த எல்லோருக்கும் அதே நிபந்தனைதான். அவரிடம் "இதில் எங்களால் எதுவும் செய்ய முடியாது, பயிற்சியை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள், அப்போதும் மறுத்தால் வாருங்கள்" என்று நேராகவே சொல்லி அனுப்பினார்கள். வருகிறவர் எல்லோருக்கும் நம்பிக்கை கொடுத்து இழுத்தடிக்காமல் இருந்தது எனக்குப் பிடித்தது.

சமரசப் பேச்சு எப்படி நடந்தது என்று விவரமாக எழுத முடியாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொதுவாகச் சொன்னால், சேவையிலிருந்து ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், பேச வேண்டிய இடத்தில் பேசினார், நான் பேச வேண்டிய இடத்தில் அவர் குறுக்கே வரவில்லை. எங்கள் மூத்த லைட்மேன் அண்ணன் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "தங்கச்சி எங்கூட வேலை பார்த்திருக்கு, என்ன வெயிட் தூக்கலைன்னு யாராவது சொல்லுங்க" என்றதைச் சொல்வதற்குத் தடை இருக்காது என்று நினைக்கிறேன். மஞ்சள் அட்டை என்ற பிரிவே எடுக்கப்பட்டது. முன்மொழிவுக்குப் பதில் செய்முறைத் தேர்வு வந்தது, மறுத்தால் எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும் என்று விதி சேர்ந்தது. நானாக இருந்தால் அட்டை கிடைத்த சந்தோஷத்தில் விட்டிருக்கக்கூடிய ஒன்றை ஆலோசகர் விடவில்லை: சீனியாரிட்டி. அட்டை மாறிய தேதியிலிருந்து இல்லை, முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்று நின்றார். முன்னுரிமைப் பட்டியல் சீனியாரிட்டியில்தான் ஓடுகிறது, அது இல்லாமல் நீல அட்டை வந்திருந்தால் பட்டியலின் கடைசியில்தான் நின்றிருப்பேன்.

தொழில்முறைச் சங்கங்கள் விஷயத்தில் சேவை இவ்வளவு பலமாக இல்லை. என் சித்தி பையன் கணக்காளர், வேறு நாட்டில் படித்துத் தேர்வானவன், அவனும் இதே சேவையில் கேட்டுப் பார்த்தான். அங்கே அதைப் பற்றித் தெரிந்த ஆள் குறைவு, அவனை வேறு இடத்துக்குக் கைமாற்றிவிட்டார்கள். ஆனால் கைமாற்றும் முன் அவனுக்கு ஒரு தெளிவு கொடுத்தார்கள். தொழில் செய்ய உரிமம் கொடுக்கும் அமைப்பு வேறு, அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் வேறு. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் இரண்டையும் தனித்தனிப் பிரிவில் வைத்திருக்கிறது, 53ஆம் பிரிவு தகுதியோ உரிமமோ வழங்கும் அமைப்புகளுக்கு, 57ஆம் பிரிவு தொழிற்சங்கம், முதலாளிகள் சங்கம், ஒரே தொழில் செய்பவர்களின் அமைப்பு ஆகியவற்றுக்கு. யாரைச் சேர்ப்பது, எந்த நிபந்தனையில், என்ன சலுகை, யாரை நீக்குவது, எல்லாமே 57க்குள் வருகிறது. எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று தெரியாமல் புகார் எழுதினால் தவறான இடத்துக்குப் போய்விடும்.

உரிமம் கொடுப்பவர்களும் சட்டத்துக்கு மேலே இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வக்கீலாக வேண்டும் என்றால் கனடியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆண்ட்ரூஸ் என்பவர் மற்ற எல்லாத் தகுதியும் உள்ளவர், குடியுரிமை மட்டும் இல்லை. 1989இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கதை இன்னும் வருத்தமானது. அதன் கிளைகள் பல கறுப்பின மருத்துவர்களைச் சேர்க்காமல் இருந்த காலத்தில் 1895இல் அவர்கள் தேசிய மருத்துவச் சங்கம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய நடத்தைக்காகப் பெரிய சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல். படித்தவர்கள் சங்கம், அங்கெல்லாம் இப்படி நடக்காது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது குறை. அட்டை கைக்கு வந்ததும் சேவை என் கோப்பை மூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் நிஜமான கஷ்டம் தொடங்கியது. பட்டியலில் என் பெயர் மேலே இருக்கும், போன் மட்டும் வராது. கேட்டால் "அடிச்சோம், லைன் கிடைக்கலை" என்பார்கள். புகார் கொடுத்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவது தனியான சட்டமீறல் என்று பல நாட்டுச் சட்டங்கள் சொல்கின்றன, அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டம் சங்கங்களையும் சேர்த்தே சொல்கிறது, பிரிட்டன் சட்டத்தில் 27ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. இது நடக்கும் என்று சேவைக்குத் தெரியாதா? நிச்சயம் தெரியும், எத்தனை பேரைப் பார்த்திருப்பார்கள். அப்படியிருந்தும் ஒரு போன் செய்து "அப்புறம் எப்படிம்மா போகுது?" என்று கேட்கும் ஏற்பாடு அங்கே இல்லை. நானே திரும்ப அழைத்தபோது புதுக் கோப்பு என்றார்கள், எல்லா ஆவணத்தையும் மறுபடி அனுப்பச் சொன்னார்கள், பழைய ஆலோசகர் வேறு பிரிவுக்குப் போயிருந்தார். கடைசியில் அவர்கள் எழுதிய ஒரு கடிதத்தில் போன் வர ஆரம்பித்தது, அதற்கு நன்றி உண்டு, ஆனால் அந்த இடைவெளியில் வருமானம் இல்லாமல் தொழிலையே விட்டுவிடும் பெண்கள் இருப்பார்கள். அந்த ஒரு நட்சத்திரம் இதற்காகத்தான் குறைந்தது. அட்டை வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பதை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மற்றபடி சின்னச் சின்னக் குறைகள். இணையப் படிவம் செல்போனில் ஒழுங்காக ஓடாது, பாதியில் வெளியே தள்ளிவிடும், நம்மில் பலருக்குக் கணினி கிடையாது என்பதை யோசித்திருக்கலாம். பகல் நேரத்தில் மட்டும்தான் அழைக்க முடியும், அது ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்குச் சிரமம். திரும்ப அழைக்கிறோம் என்றால் அழைப்பார்கள், ஆனால் தாமதமாக.

போகிறவர்கள் விண்ணப்பத்தின் நகல், சந்தா ரசீதுகள், அட்டையின் இரண்டு பக்கமும் எடுத்த போட்டோ, வந்த செய்திகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிலையில் பலர் இருந்தால் சேர்ந்து போங்கள், எங்களில் மஞ்சள் அட்டைக்காரிகள் சிலர் பின்னால் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சங்கம் பேச வந்தது. முதல் அழைப்பு முடிந்ததும் கோப்பு எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இரண்டாவது முறை அழைத்தால் அவர்களால் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவதில்லை.